முடியட்டும் சேர் இரண்டாகப் பிரித்த ஹார்ட் டிஸ்க்

ஊவா மாகாணத்தில் மூடுபனியைக்கூட ஊதி விரட்டிவிடலாம். முடியட்டும் சேரை அவசரப்படுத்த முடியாது. முயன்றவர்கள் எல்லோரும் இப்போது இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் கற்பித்த காலத்தில் அவர் அங்கே கொம்பியூட்டர் ஆசிரியர். பெயர் வைத்தவர்கள் பிள்ளைகள்தான். காரணம், அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும் அந்த ஒரு சொல். கணினித் திரையில் ஏதாவது ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து கொண்டிருக்கும். அதன் முன்னால் இவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். பாடசாலை அதிபர் வாசலில் வந்து நின்று, "சேர், ஸ்டாஃப் மீட்டிங்" என்பார்.

"முடியட்டுங்க மேடம்."

மீட்டிங் முடிந்துவிடும். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கொப்பியும் பேனையுமாக வந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, "என்னாங்க பேசப் போறோம்?" என்று கேட்பார்.

அவரிடம் இருந்தது சோம்பல் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் அவருக்கு ஓடும், அவ்வளவுதான். நடக்கும்போது போன் அடித்தால் நின்றுவிடுவார். ஓரமாக நிற்க வேண்டும் என்பது இரண்டாவது வேலை. ஆகவே நின்ற இடத்திலேயே நிற்பார். ஸ்பிரிங்வெளி பஸ் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடித்து, அடித்து, கடைசியில் எஞ்சினையே நிறுத்திவிடும். "சேர் பேசிக்கிட்டிருக்காரு, எறங்கிக் கால நீட்டிக்கங்க" என்று கண்டக்டரே பயணிகளுக்குச் சொல்வார்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் எதையும் கேட்கக்கூடாது என்பதை நான் இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். ஏதோ கேட்டேன். அவர் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். பிறகு தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்குள் மணி அடித்து நான் வகுப்புக்குப் போய்விட்டேன். புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று, "ஆமாங்க டீச்சர், ரெண்டு பேருக்குந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கேட்ட கேள்வி என்ன என்பது இன்று வரை எனக்கு ஞாபகமில்லை. முப்பது பிள்ளைகளும் அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெண் பார்க்கப் போன கதையை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். லட்டு கொடுத்தார்களாம். இவர் தின்ன ஆரம்பித்த பிறகு, "பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டார்களாம். இவர் மென்றுகொண்டே இருந்தார். பெண்ணின் அம்மா முகம் சுருங்கி, தட்டை எடுக்க எழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பெண்தான் சொன்னாளாம், "அம்மா, அவரு வாயில இன்னும் லட்டு இருக்கும்மா." அந்த ஒரு வாக்கியத்தில் இவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவரைப் புரிந்துகொள்ள மற்ற எல்லோருக்கும் பல வருடங்கள் பிடித்தன.

இப்படிப்பட்ட மனிதர்தான், ஒரே லெப்டொப்பில் இரண்டு இயங்குதளங்கள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

விஷயம் இதுதான். பாடசாலையில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு லெப்டொப். கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் கொடுத்தது. அதன் பெட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் செருகினால் உயிரோடிருக்கும், பிடுங்கினால் போய்ச் சேரும். அதில் விண்டோஸ் இருந்தது. அந்த விண்டோஸுக்குள் அதிபரின் உயிர் இருந்தது. அதாவது, பாடசாலையின் நூற்றாண்டு மலர்.

அதிபர் ஒரு பெரிய அம்மா. குரலும் பெரிது, குடையும் பெரிது. ஓய்வு பெறுவதற்குள் அந்த மலரைக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவரும் நானும் சனிக்கிழமைகளில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக, அறை அறையாக ஏறி இறங்கினோம். யார் எந்த வருடம் படித்தார், யார் யாருக்குப் பாடம் எடுத்தார், பள்ளிக்கூடம் தகரக் கொட்டிலாக இருந்தபோது மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாக்கள் கூடையை இறக்கி வைத்த கையோடு பேசினார்கள். சொன்னவர்களில் சிலர் அதற்குப் பிறகு இறந்தும் போனார்கள். அவ்வளவையும் இரண்டு வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டிச் சேர்த்தவள் நான். கையால் எழுதிய கொப்பிகளை, இனி எதற்கு என்று, பாடசாலைக் களஞ்சிய அறையில் வைத்தேன். கரையான் அவற்றை முழுமையாக வாசித்து முடித்தது.

முடியட்டும் சேருக்குப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் காட்ட வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்துக்கு வந்த பழைய கணினிகள் எல்லாம் அதில் ஓடுபவை. சுவரில் படம் போட்டுக் காட்ட லெப்டொப் ஒன்றுதான் உண்டு. அதிபரிடம் போனார்.

"என் விண்டோஸத் தொட்டீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன் சேர்."

"தொட மாட்டேங்க மேடம். ஒரு காம்பராவுல ஒரு குடும்பம் இருக்குன்னு வைங்க. நடுவுல ஒரு செவுரு எழுப்பினா ரெண்டு குடும்பம் இருக்கலாம். முன் காம்பராவுல நீங்க இருங்க. பின் காம்பராவுல லினக்ஸ் இருக்கட்டும். ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கத் தேவையில்ல."

"ரெண்டு குடும்பமும் ஒரே நேரத்துல அடுப்பு மூட்டினா?"

"அதான் மேடம் இதுல அழகே. ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும். மத்தத வேணும்னா இத மூடிட்டுத்தான் அதத் தொறக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பரவசம். உலகத்திலேயே தம்மைப் போல ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மனிதரின் முகம் அது.

அதிபர் யோசித்துச் சம்மதித்தார். விடுமுறை தொடங்கிய முதல் நாள், அதிபர் பதுளையில் வலயக் கல்விக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, காலையில் நாங்கள் இருவரும் அலுவலக அறையில் உட்கார்ந்தோம். அவர் ஒரு பென் டிரைவைச் செருகி லெப்டொப்பைத் திறந்தார். திரையில் ஹார்ட் டிஸ்க் ஒரு நீளமான பட்டையாகத் தெரிந்தது.

"டீச்சர், மலருக்குப் பெக்கப் இருக்குங்களா?"

"இருக்கு சேர்."

"பாத்தீங்களா?"

"நானே எடுத்தேன் சேர். நேத்து சாயந்தரந்தான்."

அழுத்தினார். நீலக்கோடு ஊரத் தொடங்கியது. இடையில் நிறுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துபோகலாம் என்று கீழே ஒரு எச்சரிக்கை. முதல் குடும்பத்தின் சட்டிபானையை எல்லாம் ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டிருக்கிறது, பாதியில் கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறதென்று அதற்கே தெரியாது என்று விளக்கினார். நான் பெரிய மனுசியாகத் தலையாட்டினேன்.

நூற்றுக்குப் பன்னிரண்டு ஆனபோது பேச்சுக்குக் கேட்டார், "பெக்கப்ப எதுல வச்சிருக்கீங்க டீச்சர்? பென் டிரைவ்லயா?"

"இல்ல சேர். டெஸ்க்டொப்ல. பெக்கப்னே பேர் போட்டு ஒரு ஃபோல்டர்."

"எந்தக் கொம்பியூட்டர் டெஸ்க்டொப்ல?"

"இதுலதான் சேர்."

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, மிக மெதுவாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்: "வீட்டுச் சாவி தொலஞ்சா ஒதவும்னு இன்னொரு சாவி செஞ்சு, அத வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டியிருக்கீங்க டீச்சர்."

இரண்டு வருடச் சனிக்கிழமைகள் அந்த நீலக்கோட்டுக்குள் சட்டிபானையாக உருண்டுகொண்டிருந்தன. "நிப்பாட்டலாமா சேர்?" என்றேன்.

"நிப்பாட்டினாத்தான் போகும். முடியட்டும்."

அந்தச் சொல்லை அன்றுதான் நான் முதன்முறையாக ஒரு பிரார்த்தனையாகக் கேட்டேன்.

நூற்றுக்கு முப்பத்தொன்று. வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். கூரையில் ஏணி. காக்கிச் சட்டையோடு மூன்று பேர் இறங்கினார்கள். முந்திய நாள் காற்றுக்கு ஒரு பெரிய மரக்கிளை எங்கள் கேட்டுக்குப் பக்கத்து மின்கம்பியில் சாய்ந்து கிடந்தது. அதை வெட்ட வந்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்பது கொம்பியூட்டர் படிக்காத எனக்கும் தெரியும்.

"சேர், கரண்ட நிப்பாட்டப் போறாங்க!"

முடியட்டும் சேருக்கு வாழ்க்கையில் அப்படியொரு சோதனை வந்திருக்காது. திரையையும் பார்க்க வேண்டும், ரோட்டுக்கும் போக வேண்டும். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "டீச்சர், நீங்க இதப் பாத்துக்கிட்டிருங்க. எதையும் தொடாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க." சொல்லிவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. ஓடும்போது யோசிக்க முடியாதவராகையால், அவர்கள் முன்னால் போய் நின்ற பிறகுதான் என்ன சொல்வதென்று யோசிக்கத் தொடங்கினார்.

ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. காக்கிச் சட்டைக்காரர்களில் மூத்தவர் சிங்களத்தில் என்னவென்று விசாரித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போவதென்றால் அவருக்கு எப்போதுமே ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த மனிதர் இவருக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்த முடியட்டும் சேர், "மாத்தயா, பொட்டக் இன்ன" என்றார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம்.

மண்ணில் குந்தி ஒரு குச்சியை எடுத்து லயக் காம்பரா ஒன்று வரைந்தார். நடுவில் சுவர் வரைந்தார். முன் குடும்பத்தை வரைந்தார். அம்மா, அப்பா, சட்டி, பானை. அவர்கள் இப்போது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் விளக்கை அணைத்தால் எல்லோரும் முட்டிக்கொண்டு விழுவார்கள் என்று, ஒவ்வொரு சிங்களச் சொல்லாகத் தேடியெடுத்து, துடைத்து, வைத்து, அடுத்த சொல்லைத் தேடினார். மூத்தவர் குந்திக்கொண்டார். ஏணியில் ஏறியிருந்த இளையவரும் இறங்கி வந்து குந்தினார். ஹார்ட் டிஸ்க்கின் உள்வட்டம், வெளிவட்டம் எல்லாம் மண்ணில் வந்தன. கையில் கரண்டைத் துண்டிக்கும் நீண்ட கோலோடு வந்த மனிதர் அதைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சந்தேகம் கேட்டார். இவர் பதிலுக்கு இன்னொரு லயம் வரைந்தார்.

இடையிடையே என் ஜன்னலைப் பார்த்தார். நான் விரலைக் காட்டினேன்: நாலு விரல், நாற்பது. ஐந்து விரல், ஐம்பது. அவர் பேசிக்கொண்டே தலையாட்டினார். பேசுவதும் பார்ப்பதும் ஒரே நேரத்தில்! அன்று அவர் தம் இயல்பையே எனக்காக மீறிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கண் கோட்டின் மேல் இருந்தது. அது அறுபத்துமூன்றில் நின்றுவிட்டது.

அறுபத்துமூன்று. நமுனுகுல மலையைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தேன். அறுபத்துமூன்று. இனிமேல் யாருடைய கொப்பியிலும் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதமாட்டேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். அறுபத்துமூன்று. வெளியே முடியட்டும் சேரிடம் வரைவதற்கு மண் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையையே வரையத் தொடங்கிவிட்டார். அதற்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தமென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அறுபத்துநாலு. அதன் பிறகு ஒரே ஓட்டம். நூறு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளமும் வந்தது. லெப்டொப்பை முறைப்படி மூட ஒரு பொத்தான் மட்டும் மிச்சம். அதை நானே அழுத்தினேன். திரை இருண்டதும் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினேன்: "சேர்! முடிஞ்சிருச்சு!"

அவர் கையைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். தொடங்கிய சிங்கள வாக்கியத்தைப் பயனிலை வரைக்கும் கொண்டுபோய் முடித்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, கும்பிட்டார்.

மூத்தவரும் எழுந்தார். சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "ரொம்ப நல்லா வெளங்குச்சு சேர். நான் லயத்துக்குப் பக்கத்துலதான் பொறந்து வளந்தேன்."

முடியட்டும் சேர் திகைத்துப் போனார். "தமிழ் தெரியுமா? மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க!"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு சிங்களம் பேசுறீங்க. நடுவுல நிப்பாட்ட எனக்கு மனசு வரல."

கரண்ட் போனது. அவர்கள் கிளையை வெட்டினார்கள். நான் அலுவலகத்து கேஸ் அடுப்பில் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் வேறு காலி நாற்காலி இல்லாததால் மூத்தவரை அதிபரின் நாற்காலியில் உட்கார வைத்தோம். அந்த நேரத்தில்தான் குடை முதலில் வந்தது, பின்னால் அதிபர் வந்தார்.

இருண்ட அறை. தம் நாற்காலியில் காக்கிச் சட்டை. வாசல் முழுக்க மண்ணில் லயங்கள். "என்ன நடக்குது இங்க?"

மூத்தவர் மரியாதையாக எழுந்து, நல்ல செய்தி சொல்லும் சந்தோஷத்தில், "மேடம், உங்க பொஸ்தகம் தப்பிச்சிருச்சு" என்றார்.

"தப்பிச்சிருச்சா? எதுலருந்து?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். ஆனால் அதில் தேநீரைத்தான் ஊற்றிக்கொண்டேன். இரண்டு வருடமாக, "டீச்சர் இருக்கிறவரைக்கும் எனக்குக் கவல இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிவந்த அம்மா அவர்.

முடியட்டும் சேர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் அதில் இருந்தது. "பெக்கப் சரியா இருக்கான்னு பாக்காம ஆரம்பிச்சிட்டேன் மேடம். என் தப்புங்க."

அதிபர் திட்டத் தொடங்கினார். காக்கிச் சட்டைக்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மெல்ல நழுவினார்கள். திட்டு வாங்குவதற்கு அவரைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. முழுக் கவனமும் அதில்தான். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் கேட்டார். அதிபர் மூச்சு வாங்கி நிறுத்தியதும், உண்மையான அக்கறையோடு, "முடிஞ்சுதுங்களா மேடம்?" என்று கேட்டார். அதை அதிபர் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கால்மணி நேரம் திட்டினார்.

பின்னேரம் கரண்ட் வந்ததும் பின் காம்பராவில் லினக்ஸ் குடியேறியது. லெப்டொப்பைத் திறந்தால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்த அதிபர் ஒரு மாதத்தில் அங்கே சீட்டு விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். விண்டோஸில் நான் எட்டிப் பார்ப்பேன் என்று பயம். லினக்ஸில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். அதற்காக முடியட்டும் சேருடன் சமாதானமாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கோபம் முன் காம்பராவில் அப்படியே இருந்தது.

நூற்றாண்டு மலர் வந்தது. பாடசாலை மண்டபத்தில் வெளியிட்டோம். லயங்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் பெயரை விரலால் தேடித் தேடித் தடவிப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தில், அதிபரே எழுதி அச்சகத்துக்கு நேரே கொடுத்த நன்றியுரை. அச்சகத்தாருக்கு நன்றி, அன்று பொறுமை காத்த மின்சார ஊழியர்களுக்கு நன்றி. அதற்குக் கீழே, தனி வரியில், 'பிரதிகளைக் கண்ணுங்கருத்துமாகப் பாதுகாத்த தமிழாசிரியைக்கு' என்று என் பெயர். முடியட்டும் சேரின் பெயர் எங்குமே இல்லை.

அவர் அந்தப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் இருந்த வரிக்கு வந்தார். வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, கொஞ்சமும் குத்தல் இல்லாமல் சொன்னார்: "நல்லா வந்திருக்கு டீச்சர். ஒங்க பேர்ல ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல."

பிறகு அவர் பூனாகலைப் பக்கம் மாற்றலாகிப் போனார். அதிபரும் ஓய்வு பெற்றார். அந்த அம்மா, நான் எழுதும் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். போன வாரக் கட்டுரையில் இருந்த ஒற்றுப் பிழைக்குக்கூடப் போனில் திட்டினார்.

மேடம், அன்றைக்கு அந்தப் பெக்கப்பைப் பிழையாக எடுத்தவள் நான்தான். சேர் மேல் இருக்கும் கோபத்தை இனியாவது என் பக்கம் திருப்பிவிடுங்கள். மலருக்கு இரண்டாம் பதிப்பு வருமென்றால் என் பெயரை எடுத்துவிட்டு அந்த வரியில் அவர் பெயரைப் போடுங்கள். நானே தட்டித் தருகிறேன், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.